விதானையாரின் பச்சைத் துவக்கு

மாமனாராக வரப்போகிற மனிதரைக் கெட்டித்தனம் காட்டி மடக்கிவிடலாம் என்று நினைப்பவன் முழு முட்டாள். இதை அடித்துச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அந்த முட்டாள் நான்தான்.

அறுபதுகள் பிறந்திருந்த நேரம். நான் பருத்தித்துறைக் கடலோரத்துப் பெடியன். அப்பு, பெரியப்பு, மாமன்மார் எல்லாரும் கடலோடிகள். நான் ஒருவன்தான் அலைக்குப் பயந்து படித்து வாத்தியார் ஆனவன். ஆசிரிய கலாசாலையில் கூடப் படித்தவள் புவனம், உரும்பிராய் விதானையாரின் ஒரே மகள். (விதானையார் என்றால் அந்த நாளில் ஊருக்கே அதிகாரி. அவர் இருமினால் பக்கத்து வளவில் நாய் குரைப்பதை நிறுத்தும்.) கட்டினால் என்னைத்தான் கட்டுவேன் என்று அவள் சாப்பிடாமல் கிடந்ததில், மனுசன் அரைமனதோடு இறங்கி வந்தார்.

"ஆளை வரச் சொல்லு. பாத்திட்டுத்தான் சொல்லுவன். ஆனா ஒண்டு, மீன், மச்சம் எண்டு ஒண்டும் படாத வீடு இது. கடற்கரைப் பெடியன் வந்து வீடு முழுக்க மீன் நாறினா, அண்டைக்கே படலையைக் காட்டிப் போடுவன்."

இதைப் புவனம் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். (படலை என்றால் வெளிவாசல் கதவு.) எனக்கு ரோசம் வந்துவிட்டது. மீன் நாறுதா? பார்ப்போம்! அன்றிலிருந்து மீனைத் தொடவில்லை. சந்தனச் சவர்க்காரம் போட்டுத் தோல் உரியக் குளித்தேன். ஆச்சி எனக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டதென்று நூல் கட்டினாள்.

முதல்முறை போனபோது விதானையார் முற்றத்தில் ஒரு ரைபிளை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாம்பழத்துக்கு வரும் வௌவாலை விரட்டவென்று லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த துவக்கு. அதைவிட, அவருடைய கௌரவத்தின் பாதி அதற்குள்தான் இருந்தது.

"எவ்வளவு எண்ணெய் போட்டாலும் துரு ஏறுது தம்பி," என்றார், என் முகத்தைப் பாராமலே.

சும்மா "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"ஐயா, உப்புக் காத்திலை இரும்பைக் காப்பாத்துறது எங்கடை பரம்பரை வேலை. என்னட்டை விடுங்கோ. பிறகு அதிலை துரு எண்டதே வராது."

மனுசன் முதல்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, செய்யும் பாப்பம். சரசுவதி பூசைக்கு முதல் முடிக்கோணும். ஆயுத பூசைக்கு உந்தத் துவக்கைத்தான் சாமிக்கு முன்னாலை வைக்கிறது. சொந்தக்காரர் எல்லாரும் வருவினம். உம்மையும் பாக்கோணுமாம்."

எங்கள் ஊரில் வள்ளத்துக்குப் பூசும் மருந்து ஒன்று உண்டு. குங்கிலியத்தைப் பொடித்து, சுறா எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, நிறப் பொடி கலந்து பூசுவோம். நங்கூரம் முதல் எங்கள் கிணற்று வாளி வரை அதுதான் காவல். பெரியப்புவிடம் ஒரு போத்தல் வாங்கினேன். வள்ளத்துக்குப் பூசும் பச்சை. பச்சை முருகனுக்கும் உகந்த நிறந்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

மணம்? அங்கேதான் விசயம் இருக்கிறது. சத்தியமாக எனக்கு மணக்கவே இல்லை. சுறா எண்ணெய் மணத்திலேயே பிறந்து, அதிலேயே தவழ்ந்து வளர்ந்த மூக்குக்கு அது வெறும் காற்று. என் உடம்பை உரசி உரசிக் கழுவிய நான், அந்தப் போத்தலை ஒருதரம் மோந்துகூடப் பார்க்கவில்லை.

துவக்கை வளவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். ஆகவே சைக்கிளில் உரும்பிராய்க்கு வந்து, வளவு மூலையில் புகையிலைக்குப் புகை போடும் குடிலில் இருந்து வேலை செய்தேன். (குண்டெல்லாம் எடுத்தாயிற்று, பயப்பட வேண்டாம்.) குழல், விசை, கட்டை, ஒரு இடம் விடாமல் பூசி, அங்கேயே தொங்கவிட்டேன். புகையிலைக் காரத்தில் வேறெந்த மணமும் எழும்பவில்லை.

"பூசையண்டைக்குத்தான் பாக்கோணும் ஐயா," என்று வீறாப்பாகச் சொல்லிக் கதவையும் சாத்திவிட்டு வந்தேன்.

பூசை நாள். சாமியறை முழுக்கச் சொந்தக்காரர். கும்பத்துக்கு முன்னால் மண்வெட்டி, கத்தி, புவனத்தின் கலாசாலைப் புத்தகங்கள். நடுவில், பெரிய குத்துவிளக்குக்குப் பக்கத்தில், கடைசி நேரத்தில் நானே கொண்டுவந்து வைத்த கிளிப்பச்சைத் துவக்கு. யாரோ ஒரு மாமி, "அட, விளையாட்டுத் துவக்கோ?" என்று கேட்டாள். விதானையாரின் மீசை துடித்தது. ஆனாலும் தேவாரத்தைத் தொடங்கிவிட்டார், நிறுத்த முடியாது.

விளக்கின் சூடு பட்டது. பூச்சு இளகத் தொடங்கியது.

முதலில் மாமிமார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு ஆளையாள் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ இன்னும் விளங்கவில்லை. என் அழகைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டேன்.

அப்போது வந்தான் முத்தன். அந்த வீட்டுக் கடுவன் பூனை. பிறந்ததிலிருந்து பாற்சோறு தவிர வேறொன்றும் கண்டறியாத சுத்த சைவம். கூட்டத்துக்குள்ளால் ஒரே பாய்ச்சல்! கும்பம் சரிந்தது, மோதகம் உருண்டது, முத்தன் துவக்கைக் கட்டிப்பிடித்து நக்கத் தொடங்கினான். பின்னாலேயே அயல்வீட்டுப் பூனைகள் யன்னலால் குதித்தன.

"ஐயோ, சாமியறைக்குள்ளை மீன்!" என்று யாரோ அலறினார்கள்.

விதானையார் பாய்ந்து துவக்கைத் தூக்கினார். உள்ளங்கை அதிலே ஒட்டிக்கொண்டது. ஒருவாறு பிய்த்தெடுத்து, "சிவ சிவா" என்று அதே கையால் நெற்றியில் அடித்தார். திருநீற்றுக்கு மேலே பச்சையாக ஐந்து விரல். அந்தக் கோலத்தோடு என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"படலை உந்தப் பக்கம் கிடக்கு," என்றார்.

புவனம் கதவுக்குப் பின்னால் விம்மினாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் ஏதோ பிடிவாதம் கிளம்பியது. போகமாட்டேன்!

"ஐயா, பூசினவன் நான். நானே கழட்டித் தாறன்."

"கழட்டுவீரோ? வாற கிழமை உந்தத் துவக்கைக் கச்சேரிக்குக் கொண்டு போகோணும்." (பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகம்.) "இரும்பிலை வெட்டின இலக்கத்தைப் பாத்துத்தான் லைசென்ஸ் புதுப்பிப்பாங்கள். இலக்கம் தெரியாட்டித் துவக்கும் இல்லை, உமக்குப் பொம்பிளையும் இல்லை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு ஐயா."

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் உரும்பிராய்க்குச் சைக்கிள் மிதித்தேன். கிணற்றடியில் குந்தியிருந்து மண்ணெண்ணெயும் தும்பும் சாம்பலுமாகத் தேய்த்தேன். நகம் பச்சை, வேட்டி பச்சை, வகுப்பில் பெடியள் வைத்த பெயர் கிளி. மரக்கட்டை வெளியே தெரிந்தது, குழல் தெரிந்தது. ஆனால் விசைக்கு மேலே அந்த இலக்கம் வெட்டின இடத்தில்தான் தாராளமாகப் பூசியிருந்தேன். வெட்டுக்குள் இறங்கிய குங்கிலியம் அசையமாட்டேன் என்றது. பெரியப்புவின் மருந்தல்லவா, கடலுக்கே அசையாது! கச்சேரிக்கு முதல்நாள் மாலை, நாளைக்குப் புவனம் யாருக்கோ என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்தால் மண்ணெண்ணெய், இன்னும் வந்தது. ஊசி ஒன்றால் கிளறிக் கிளறிப் பார்த்து, கடைசியில் கொதிதண்ணியை ஊற்றி ஊறவிட்டு, முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால், கிணற்றடியில் முத்தன். சூட்டில் இளகி மணம் கிளப்பிய அந்த இடத்தைக் கண்ணை மூடி, ரசித்து, நக்கிக்கொண்டிருந்தான். விரட்டப் போன என் தோளை ஒரு கை பிடித்தது.

"சத்தம் போடாதையும்," என்றார் விதானையார் மெல்ல. "அவன் முடிக்கட்டும்."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முத்தன் நாக்கைச் சுழற்றி உதட்டைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனான். விதானையார் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் இருந்தது. என் பச்சைக் கையைப் பார்த்தார், சிவந்த கண்ணைப் பார்த்தார். மீசை துடித்தது. துவக்கெடுத்துச் சுடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"பிள்ளை புவனம்! இஞ்சை வா! உந்தப் பூனையைத்தான் மருமோனா எடுத்திருக்கோணும். என்ன செய்யிறது, அவனுக்கு உத்தியோகம் இல்லை. இவரையே கட்டு!"

தை பிறந்ததும் கலியாணம் நடந்தது. முத்தனுக்குத் தனி இலையில் பாற்சோறு போட்டார் மாமனார். (என் இலைக்கு முதல் அவன் இலை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.)

அந்தத் துவக்கில் பிறகு துரு ஏறவேயில்லை. அதை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நான் தலை நரைத்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக அந்தப் படலையைத் திறக்கும்போதும் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும்:

"மருமோன் வாறார், சாமியறையைச் சாத்துங்கோ!"

பேரப்பிள்ளைகள் ஓடிப்போய்ச் சாத்துவார்கள். அவர்கள் மறந்துவிட்டால், நானே எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்துதான் தேத்தண்ணியைத் தொடுவேன்.