தொலைநோக்கியில் மோதும் கோதுகள் பற்றி அக்காவுக்கு விளக்கம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
30.08.2004

பேரன்புள்ள சிவநாயகி அக்காவுக்கு, தம்பி தர்மலிங்கம் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் எனது சர்க்கரையைத் தவிர மற்ற யாவும் கட்டுப்பாட்டில் உள்ளன. அவ்விடம் உங்கள் முழங்கால் நோவும் அவ்வாறே அடங்கியிருக்கக் கடவுளை மன்றாடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் தொலைபேசியில், "தம்பி, எங்கட ஆரபி துவக்குத் தூக்கிட்டாளாமே!" என்று அழுதீர்கள். தொலைபேசியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் "பிறகு எழுதுறன்" என்று வைத்துவிட்டேன். அது உங்களை இன்னும் பயமுறுத்தியிருக்கும் என்பது வைத்த பிறகுதான் விளங்கியது. மன்னிக்கவும். ஆகவே ஒழுங்குமுறையாகச் சொல்கிறேன்.

என் மகள் ஆரபி துப்பாக்கி வாங்கியது உண்மை. ஆனால் அது எந்த ஆயுத இயக்கத்துக்கும் அல்ல, வேட்டைக்கு. இங்கே மாட்டைவிட உயரமான எல்க் என்றொரு மான் உண்டு. இலையுதிர்காலத்தில் அனுமதி பெற்றவர்கள் குழுவாகப் போய் அதைச் சுடுவார்கள். அவளோடு வேலை செய்யும் ஆர்னே என்பவர் தன் குழுவில் அவளுக்கு ஓரிடம் கொடுத்திருக்கிறார். உயிரைக் கொல்வது சரியோ என்று நானும் கேட்டேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோழிக்கறியை அவள் சுட்டிக்காட்டினாள். இங்கே அம்மருட்டில் குடியிருக்கும் நம்மூர் மரியரஞ்சனி தன் மாடி லிஃப்றில் இவளுடைய நீளப் பையைப் பார்த்து, "என்ன பிள்ளை, வயலினோ?" என்று கேட்க, "இல்லை அன்ரி, துவக்கு" என்றிருக்கிறாள். பொய் சொல்ல நான் பழக்கவில்லை. மரியரஞ்சனி யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அனுப்பிவிட்டார்.

குழுவில் சேர ஒரு சோதனை உண்டு. நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் மான் படத்தில் ஐந்து துப்பாக்கி ரவைகளைச் சரியாகப் பதிக்கவேண்டும். ஆரபி இரண்டு தடவை தவறிவிட்டாள். நேற்று ஞாயிறுதான் கடைசி நாள். தவறிய காரணத்தைச் சொல்கிறேன், படமும் கீறி இணைத்துள்ளேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் கீறிய கை, சும்மா இருக்கவில்லை. அவளுடையது அரைத் தானியங்கி. சுட்டதும் ரவையின் வெற்றுக் கோதை வலப்பக்கம் எறிந்துவிட்டு அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். மேலே பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கியோ மிகத் தாழப் பதிந்து இருக்கிறது. எறியப்படும் கோது அதன் பக்கவாட்டுத் திருகியில் 'ணங்' என்று மோதும். சத்தம் இவளுடைய கண்ணுக்கு நான்கு விரல் தூரத்தில். இவள் திடுக்கிட, அடுத்த ரவை மானுக்கு மேலால் போகும்.

"அப்பா, அது எனக்கு அடிக்கிற மாதிரியே கிடக்கு" என்றாள். அக்கா, அந்தத் திடுக்கிடல் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஷெல் அடித்த நாட்களில் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்கியவன் நான்தானே.

அதற்கு முந்திய ஞாயிறு, கோது போகும் வழியைக் குறித்துப் பார்ப்போம் என்று துணிந்து அவளோடு சுடுதிடலுக்குப் போனேன். புல்லில் விழுந்தால் தேட முடியாதென்று அவளுக்கு வலப்பக்கம் என் பழைய வேட்டியை விரித்தேன். முதல் வெடி கேட்டதும் நான் குப்புற விழுந்துவிட்டேன். நோர்வேக்காரர் மாரடைப்பென்று ஓடிவந்தார்கள். ஆரபி துப்பாக்கியை வைத்துவிட்டு வந்து, "எழும்புங்கோ அப்பா. இஞ்சை பலகைக்குத்தான் சுடுறது" என்று மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு வேட்டியில் விழுந்த கோதுகளுக்கு இலக்கமிட்டு, கோணம் அளந்து, தொலைநோக்கியை ஆறு மில்லிமீற்றர் உயர்த்தவேண்டும் என்று இரவல் பென்சிலால் நிறுவினேன். துப்பாக்கி திருத்துபவர் எட்டிப் பார்த்துவிட்டு, கணக்கில்லாமலே, "தொலைநோக்கிக்கு உயரமான வளையம் போடவேண்டும், அது வந்துசேர இரண்டு கிழமை" என்றார். சோதனைக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

நேற்றுக் காலை திடலில் உட்கார்ந்து என் இடது சப்பாத்தின் வெல்குரோ ஒட்டுப்பட்டியை வெட்டினேன். அதன் பஞ்சுப் பக்கம் வெளியே தெரிய, கோது மோதும் இடத்தில் பசைநாடாவால் ஒட்டிவிட்டேன்.

"ஐயோ அப்பா, உங்கட சப்பாத்து!"

"எனக்கு ஒண்டு போதும். நீ சுடு."

இப்போது 'ணங்' இல்லை. 'பொத்' என்று தலையணையில் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஐந்தும் மானில். ஆர்னே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆரபி மட்டும் பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அஞ்சு வெடிக்கும் நிண்டுகொண்டே இருந்தனீங்கள்" என்றாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே பயப்படவேண்டாம். பிள்ளைக்கு உங்கள் ஆசி வேண்டும், எனக்கும் சேர்த்து.

உங்கள் அன்புத் தம்பி,
தர்மலிங்கம்

பிற்குறிப்பு: உறையை ஒட்டமுன் ஆரபி வாசித்துவிட்டாள். "அப்பா, இதையோ யாழ்ப்பாணத்துக்குப் போடப் போறியள்? வெளிநாட்டுக் கடிதம், வரிக்கு வரி துவக்கு, போதாக்குறைக்கு அளவோட படம்! ஆமிக்காரர் உடைச்சுப் பாத்தாங்களெண்டால் மாமியையெல்லோ கொண்டுபோவாங்கள்!" ஆகையால் இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. "நான் நேர வந்து மாமிக்குச் சொல்லுறன்" என்று அவள் மார்கழிக்கு எங்களுக்கு இரண்டு விமான ரிக்கற் போட்டுவிட்டாள். ஒன்பது வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிள்ளை, இப்போதுதான் முதன்முறை வருகிறாள். விமானத்திலும் இதைக் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. மனப்பாடம் செய்கிறேன், இரண்டாம் பக்கம் வரை வந்துவிட்டது. படத்தை உங்கள் முற்றத்து மணலில் கீறிக் காட்டிவிட்டு உடனே காலால் அழித்துவிடுவேன்.