பனியன் போட்ட கடலதிபதி

கடற்கரையில் பிறந்தவனுக்கெல்லாம் கடல் அத்துப்படி என்பது உள்நாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி. என் அப்பா சூசை, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று எல்லோரும் தூத்துக்குடிக் கடலில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். நானோ, கண்ணுக்கு எதிரே தெரிகிற முயல் தீவுக்குப் படகில் போய் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுப்பவன். (இரண்டு முறை என்பது என் மரியாதைக்காகச் சொல்வது.)

ஆனால் கிரேக்கக் கடலில் எனக்குத் தெரியாத தீவு கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து, நான் சம்பாதித்து வாங்கிய முதல் சொத்து ஒரு வீடியோ கேம் பெட்டி. அதில் கிரேக்கப் புராணத்தை வைத்து வந்த ஒரு விளையாட்டில் விழுந்தேன். விழுந்தேன் என்றால் கிணற்றில் விழுவது மாதிரி விழுந்தேன். ஒரு சின்னத் தீவில் பிறந்த அநாதைப் பையன் வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு புறப்படுவான். காட்டுப்பன்றியைக் கொன்று அதன் தோலில் கவசம் செய்வான், கப்பலைப் பெரிதாக்குவான், கோயில் கோயிலாகக் காணிக்கை வைத்து ஒவ்வொரு சாமியிடமும் ஒரு வரம் வாங்குவான். கடல் சாமிக்குக் காணிக்கை வைத்தால் காற்று நமக்குச் சாதகமாக அடிக்கும். இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் அதே கடல் சாமியோடு சண்டை போட வேண்டும். பொசைடன் என்று பெயர். வெள்ளைத் தாடி, மலை மாதிரி மார்பு, கையில் ஆள் உயரச் சூலம். அலையிலிருந்து எழுந்து வருவார், ஒரே குத்து, நான் காலி.

ஒரு மாதமாக அவரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கப்பல் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங் ரசீது அடிக்கும்போதுகூட, இன்றைக்கு இடது பக்கம் உருண்டு பார்க்கலாமா என்றுதான் யோசனை ஓடும்.

இந்த நேரத்தில்தான் அப்பா சொந்தமாக ஒரு வள்ளம் செய்யக் கொடுத்தார். அதுவரை அவர் மற்றவர்கள் வள்ளத்தில் பங்குக்குப் போய்வந்தவர். பிடரியெல்லாம் நரைத்த பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் இதைச் செய்தேன்.

எங்கள் கரையில் புதுப் படகுக்கு ஒரு புனிதர் பெயர் வைப்போம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், அவர் படம் இருக்கும். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு, கரையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கை வைத்துத் தள்ளிக் கடலில் இறக்குவார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கை வைக்காமல் ஒருவன் நின்றால்தான் விசேஷம். அப்பா தேர்ந்தெடுத்த பெயர் புனித இராயப்பர். மற்ற ஊர்க்காரர்கள் பேதுரு என்பார்கள். சொர்க்கத்தின் சாவியை வைத்திருப்பவர், அதற்கு முன் மீன் பிடித்தவர். அதனால் எங்கள் கரையில் அவர் சொந்தக்காரர் மாதிரி.

"ஏலே, நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல கெடக்க. நல்லதா ஒரு இராயப்பர் படம் எடுத்து பெயிண்டருக்கு அனுப்பி விடு. அந்த ஒரு வேலயாவது செய்யி" என்றார் அப்பா.

பெயிண்டர் கொம்பையா அண்ணாச்சி குலசேகரன்பட்டினத்துக்காரர். தசரா வந்தால் வேஷக்காரர்களுக்குக் கிரீடமும் சூலமும் செய்வார், மற்ற மாதங்களில் படகுக்குப் படம் போடுவார். இணையத்தில் அவருக்காக இராயப்பரைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் காலண்டரில் இருந்து சுட்ட, மங்கிப்போன இராயப்பர்கள். என் விளையாட்டிலோ அந்தக் கிழவரின் தாடியில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். பின்னால் அலை, முகத்தில் உப்புக் காற்று, கண்ணில் ஒரு கம்பீரம். வெள்ளைத் தாடி வைத்த கடல்காரர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று என் மூளை சொன்னது. (அந்த மூளையை அன்றைக்கே சந்தையில் நிறுத்தியிருந்தால் யாரும் விலைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.) அவர் என்னைக் குத்துவதற்கு ஒரு நொடி முன்னால் படம் பிடித்தேன். தோள் வரைக்கும் வெட்டினேன். சூலத்தின் முனைகளையும் வெட்டிவிட்டேன். கையில் மிச்சம் இருந்தது ஒரு கம்பு. மேலே ஓரத்தில் மூன்று முள்ளும் பிரிகிற இடம் மட்டும் துளியூண்டு தெரிந்தது. ஊன்றுகோல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டேன்.

மந்திரிப்பு சனிக்கிழமை காலை. முந்தின நாள் சாயங்காலம் வள்ளம் லாரியில் கரைக்கு வந்தது. கண்ணு பட்டுவிடக் கூடாது என்று அம்மா சொல்லி, வள்ளம் செய்த பட்டறையிலேயே அணியத்தில் வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். படம் சரியாக இருக்கிறதா என்று துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வா என்று அப்பா என்னை அனுப்பினார். நான் மாடிக்குப் போய், இடது பக்கம் உருண்டு பார்த்தேன். செத்தேன். இறங்கி வந்து, "பாத்துட்டேன்ப்பா, சூப்பரா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை பூசை முடிந்து கரையே கூடிவிட்டது. அப்பா புது வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாளை மீன் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் ஞாயிறு, யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். திங்கட்கிழமை பங்குச் சாமியார் ஒடுக்கம் என்கிற தியானத்துக்கு வெளியூர் போகிறார், திரும்பி வர வாரக்கணக்காகும். மந்திரிக்காத வள்ளத்தை அப்பா கடலில் இறக்க மாட்டார். ஆக, அன்றைக்கு இறக்கினால்தான் உண்டு.

அம்மா துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

முதலில் தெரிந்தது மார்பு. நான் தோளோடு வெட்டியதை அண்ணாச்சி தன் கற்பனையில் இடுப்பு வரை நிரப்பியிருந்தார். ஜிம்மிலேயே குடியிருக்கிறவனுக்குக்கூட அப்படி ஒரு வயிறு அமையாது. அதற்கு மேலே தாடி. அதற்கும் மேலே, முழுசாக, நெருப்பு மாதிரிச் சிவப்பில், பளபளவென்று மூன்று முள் வைத்த சூலம். கீழே மஞ்சள் எழுத்தில் 'புனித இராயப்பர்'.

வள்ளத்தைத் தள்ளுவதற்காகக் கை வைத்து நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

"இராயப்பர் கையில சாவிதான இருக்கும்?" என்றார் யாரோ.

கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "இது நரகத்துல சாத்தான் வச்சிருக்கது. ஆளுகள எண்ணெயில புரட்டிப் போட."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

விளையாட்டில் இப்படி ஒரு கட்டம் வந்தால் திரையில் மூன்று பதில்கள் வரும். ஒன்றை எடுக்கலாம். தப்பாகிவிட்டால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். நான் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் கேவலம். எதுவும் வராததால் சொந்தமாக ஒரு பொய் சொன்னேன்.

"சாமி, இது இராயப்பர்தான். அது மீன் குத்துற ஈட்டி."

பங்குச் சாமியார் பதில் சொல்வதற்குள் என் தாய்மாமா லடிஸ்லாஸ் முந்திக்கொண்டார். "ஏலே, இராயப்பர் வலை வீசுனவருலே. ஈட்டி எறிஞ்சாருன்னு எந்தப் பிரசங்கத்துலலே கேட்ட?"

அப்போதும் சமாளித்திருப்பேன். என் தங்கை ஷைனி அருகில் வந்து, படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி, "ஐய, இவரு அண்ணன் கேம்ல வாரவருல்லா? அண்ணன் தெனமும் இவருகிட்டதான் அடி வாங்குதான்" என்றாள்.

"ஏளா, சும்மா கெட" என்றார் அம்மா. காலம் கடந்துவிட்டது.

பங்குச் சாமியார் நிதானமானவர். "யாரு தம்பி இவரு?" என்று என்னிடம் கேட்டார். இனிமேல் ஒளித்துப் பயனில்லை. கிரேக்கர்களின் கடல் சாமி, பொசைடன், இவரை ஜெயித்தால்தான் அடுத்த கட்டம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, இடது பக்கம் உருண்டால் பிரயோஜனம் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவர வச்சிக்கிட்டு நான் மந்திரிக்க முடியாதுல்ல" என்றார்.

கொம்பையா அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் ஏரலில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார்.

"தம்பி, படத்துல சூலம் பாதியில நின்னுது. சூலத்த முறிச்ச மாதிரி வரைஞ்சா குத்தம்லா. அதான் முழுசா போட்டு விட்டேன். ஒங்க சாமி கையிலயும் சூலம் இருக்கேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம்" என்றார். நாளை மறுநாள்தான் வர முடியுமாம்.

போனை வைத்தபோது லடிஸ்லாஸ் மாமா, பட்டறையிலிருந்து வள்ளத்தோடு வந்திருந்த மிச்சப் பெயிண்ட் டின்களோடு வந்து நின்றார். கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் மஞ்சள், ஒரு பிரஷ். அதை என் கையில் திணித்து, "நீதான கூட்டிட்டு வந்த. நீயே ஞானஸ்நானம் குடு" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்து, அதைக் கத்தரிக்காய் என்று டீச்சர் பாராட்டிய ஆள். முதலில் மார்பை மூட வேண்டும் என்று வெள்ளையில் அங்கி வரைய ஆரம்பித்தேன். என்னைச் சுற்றி ஊரே நின்று யோசனை சொன்னது. கழுத்தை ஏற்று, வயிற்றை இறக்கு, அக்குள் தெரியுது பார். மார்பையும் வயிற்றையும் மூடி முடித்துத் தோளுக்கு வந்தபோது வெள்ளை டின் காலி. கை இல்லை. இடுப்புக்குக் கீழேயும் இல்லை. அங்கி என்று ஆரம்பித்தது அச்சு அசலாகக் கைவைக்காத பனியனாக முடிந்திருந்தது.

அடுத்தது சூலம். இவ்வளவு பெரியதை அழிக்கப் பெயிண்ட் இல்லை. மூன்று முள்ளில் ஒரு பக்கத்து முள்ளை மஞ்சளால் மூடினேன். மற்ற இரண்டின் கூர்முனைகளையும் மஞ்சளால் மறைத்து, சாவியின் பல் மாதிரி ஆக்கினேன். கம்பின் அடியில் ஒரு வளையம் போட்டேன். எட்ட நின்று பார்த்தால் சாவிதான். ஆனால் ஆள் உயரச் சாவி. பெரிய கோயில் கதவுக்கே அவ்வளவு பெரிய சாவி கிடையாது.

பனியன் போட்டுக்கொண்டு, ஆள் உயரச் சாவியைத் தோளில் சாய்த்து, என்னை முறைத்துப் பார்த்தபடி நின்றார் இராயப்பர். அந்த முறைப்பை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

"சூசை அண்ணாச்சி, தாடி இருக்கு. சாவி இருக்கு. வேதத்துலயே இராயப்பர் படகுல மேலாடை இல்லாமத்தான் வேல பாத்துக்கிட்டு இருந்தாருன்னு வருது. இவரு பனியனாவது போட்டிருக்காரு."

தீர்த்தம் தெளித்தார். ஈரப் பெயிண்டில் பட்டு ஒரு சொட்டு இராயப்பர் கன்னத்தில் வழிந்தது. கூட்டத்தில் முதலில் வந்து கை வைத்தவர் உபதேசியார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். நானும் வைத்தேன். அப்பா என் பக்கத்தில் நின்று தள்ளினார். வள்ளம் தண்ணீரைத் தொட்டதும் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஏறுலே."

ஏறினேன். மறுக்கிற தகுதி எனக்கு இல்லை. முயல் தீவைத் தாண்டுவதற்குள் அணியத்தில் குப்புறப் படுத்து, காலையில் சாப்பிட்ட இடியாப்பத்தையும் சொதியையும் பொசைடனின் தலைக்கு மேலாகக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு வலையில் சாளை அள்ள முடியாமல் விழுந்தது. வலையை இழுத்துக்கொண்டே லடிஸ்லாஸ் மாமா, "மருமவன் காணிக்கை பலிச்சிட்டு" என்றார். அப்போதுதான் அப்பா சிரித்தார். காலையில் பாதியில் நின்றுபோன அதே சிரிப்பு. நான் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன், ஆனால் மனசு லேசாகிவிட்டது.

சொன்னபடி கொம்பையா அண்ணாச்சி வந்தார். படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, ஒழுங்காக வரைந்து தருகிறேன் என்றார். அப்பா விடவில்லை. இன்றைக்கும் அந்த வள்ளத்தில் பனியன் இராயப்பர்தான். பதிவில் என்ன பெயர் இருந்தாலும் கரையில் அதற்கு அதுதான் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும்போது அப்பா பிரஷை என்னிடம் நீட்டுவார். பனியனுக்கு மட்டும் நான். வீட்டில் பைக் சாவியைக் காணோம் என்று தேடினால், "வள்ளத்துல இருக்கும், போய்ப் பாரு" என்பார் அம்மா. ஷைனி தன் கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதையை மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டாள். அவர்கள் என்னைப் பார்க்க வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

விளையாட்டை நான் விடவில்லை. போன மாதம்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரோடு மோதினேன். வலது பக்கம் உருண்டேன். அதே குத்து. பின்னால் கட்டிலில் தூங்குகிறார் என்று நினைத்திருந்த அப்பா, திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னும் அவன்கிட்ட அடி வாங்கிக்கிட்டா இருக்க?" என்றார்.

"ரொம்பக் கஷ்டம்ப்பா. கடலுக்கே அதிபதில்லா."

அப்பா கொட்டாவி விட்டபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்ன அதிபதி. நான் அவனுக்கு ஒரு பனியனப் போட்டுவிட்டு, தெனமும் தொழிலுக்குக் கூட்டிட்டுல்லா போயிட்டு வாரேன்."