பெரியவன், சின்னவன், நடுவில் நான்

இந்த ஞாயிற்றுக்கிழமை கேமரா வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். அசைக்க முடியாத முடிவு. இதே முடிவை இதற்கு முன் பதினொரு ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன் நான். வருகிறவர் மூக்கில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டி, சில்லு சில்லாகக் கண்ணாடி மாற்றி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பதுதான் வேலை. யாராவது "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்று இழுத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ரெண்டில் ஒன்றைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

நான் பார்த்து வைத்த கேமரா ரெண்டும் லென்ஸ் மாற்றிப் போடும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ரெண்டும் ஒரே கம்பெனி. எழுத்தும் நம்பருமாக இருந்த பெயர்களைத் தள்ளிவிட்டு, நான் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெரியவனுக்கு நல்ல கட்டுமஸ்தான உடம்பு. தூறல் பட்டால் கவலையில்லை. ரெண்டு மெமரி கார்டு போடலாம். சின்னவன் எடை குறைவு, திரையை எந்தப் பக்கமும் திருப்பலாம். இந்த ரெண்டு பேரைப் பற்றி இன்டர்நெட்டில் இருந்ததையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டேன். மனசு பெரியவனிடம் போய் உட்கார்ந்துவிட்டது.

"லென்ஸ் இல்லாம வெறும் பாடி மட்டுமா? கண்ணே இல்லாத ஆளை வாங்கிட்டு வந்து என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"பழைய கேமரா லென்ஸ் இதுக்குப் பொருந்தும்மா."

"அது பழைய கேமராவுக்கே நல்லாத்தானே பொருந்தியிருக்கு?"

இப்படிக் கேட்கிறவளிடம் பெரியவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது? யோசித்து ஒரு திட்டம் போட்டேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் நான் நல்லாயிருக்கு என்று சொன்ன எதையும் அவள் வாங்கியதில்லை. நான் நீலத் திரைச்சீலை என்றேன், பச்சை வந்தது. நான் மரக் கட்டில் என்றேன், இரும்புக் கட்டில் வந்தது. ஆகவே சின்னவனைப் புகழ்ந்தால் பெரியவன் வந்துவிடுவான். என் மூளையை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

காலைக் காபியோடு ஆரம்பித்தேன். "சின்னவன் தங்கமான பையன்மா. கைக்கு அடக்கம். தூக்கறதே தெரியாது."

"அப்ப பெரியவன்?"

"சுத்த முரடன். சும்மா கனம். ரெண்டு கார்டை வச்சுக்கிட்டு என்ன, சீட்டா விளையாடப் போறோம்?"

"வெளிச்சம் பத்தாத ரூம்ல எது நல்லா எடுக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு இந்தக் கேள்வியெல்லாம் எங்கிருந்து வருகிறது? "அது... கொஞ்சம் பெரியவன்தான். ஆனா இருட்டு ரூம்ல நமக்கு என்ன வேலை?"

"சரிங்க," என்றாள். அத்தோடு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தச் 'சரிங்க'வை நான் கொஞ்சம் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

பழைய கேமராப் பையை அவள் தூக்கிக்கொள்ள, ரெண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கேமராக் கடைக்காரர் என் பழைய கேமராவை எக்ஸ்சேஞ்சுக்கு வாங்கிக்கொண்டு, அதை ஒரு கம்ப்யூட்டரில் செருகினார். பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் மரியாதை கூடிவிட்டது.

"சாருக்கு இதுதான் தொழிலா?"

"சேச்சே, சும்மா ஒரு ஆர்வம்தான்," என்றேன். நெஞ்சு தானாக ரெண்டு அங்குலம் விரிந்தது.

"ஆர்வத்துக்கே முப்பத்தோராயிரம் படமா! ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு இதுலயே பதிவாகும் சார்."

"என்னது? உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. நான் மிஞ்சிப் போனா அறுநூறு எடுத்திருப்பேன். அதுல நானூறு எங்க கடைல கண்ணு டெஸ்ட் பண்ற எழுத்துப் பலகை. லென்ஸ் கூர்மையா இருக்கான்னு பார்க்க."

"இது பொய் சொல்லாது சார்."

"அப்போ எவனோ என் கேமராவைத் திருட்டுத்தனமா எடுத்து..." என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி குதித்தேன்.

"எவனும் இல்ல. நான்தான். கத்தாதீங்க," என்றாள் மனைவி.

அவள் வேலை பார்ப்பது வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில். காலி வீடுகளைப் படம் எடுத்துப் போடுவதும் அவள் வேலைதானாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! 'ஆபீசுக்கு உங்க கேமராவை எடுத்துட்டுப் போகவா'ன்னு. 'ம்'னீங்க. எது பெரியவன் எது சின்னவன்னு படிச்சிட்டு இருந்தீங்க. ஒன்றரை வருஷத்துல ஒரு நாள் அந்தப் பையைத் தொறந்திருந்தா, காலியா இருக்கறது தெரிஞ்சிருக்கும்."

கடைக்காரர் மெமரி கார்டைத் திரையில் போட்டார். ஒரு குறுகலான சமையலறை. ஜன்னல் வழியாக வெயில் வந்து கழுவுதொட்டியில் விழுந்திருந்தது. அந்த வீட்டுக்கு நானே குடிபோகலாம் போலிருந்தது. அடுத்தது ஒரு மாடிப்படி. அதற்கடுத்தது ஒரு குளியலறை. குளியலறையைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. பெருமையும் இருந்தது, ஆனால் அதை வெளியே காட்டும் நிலைமையில் நான் இல்லை.

"மேடத்துக்கு எது காட்டட்டும்?" சார் அத்தோடு ஒழிந்தார்.

அவள் ரெண்டையும் கையில் வாங்கினாள். மூலையில் இருட்டாக இருந்த அலமாரி இடுக்கை இதில் ஒரு படம், அதில் ஒரு படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இது போதும்," என்றாள். பெரியவன்!

எனக்கு ஆடலாம் போலிருந்தது. எப்படியோ, யார் கையாலோ, பெரியவன் வீட்டுக்கு வருகிறான்! முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டு, "என்னமோ, உன் இஷ்டம்," என்றேன்.

"நடிக்காதீங்க. சின்னவனைத் தங்கம்னு சொன்னப்பவே தெரியும், உங்க கண்ணு பெரியவன் மேலதான்னு. எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது. அதான் பேசாம இருந்தேன்." கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கேரண்டி அட்டையில என் பேரைப் போடுங்க."

"ஞாயித்துக்கிழமை மட்டுமாவது நான்..." என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"ஞாயித்துக்கிழமைதாங்க நிறைய வீடு காட்டுவாங்க."

அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். பெரியவனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பெட்டிக்குள் கையை விட்டுத் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து, என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, ஐநூறு பக்கம். படிக்கறதுன்னா உங்களுக்கு உயிராச்சே."