அம்மாவைப் பற்றி மூவாயிரம் சொற்கள்

அரசியல் படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் எந்தத் தேர்தலிலும் நிற்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். தேர்தலில் நின்றவர் என் அம்மா. அரசியல் படித்தது நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்திருந்தேன். (ஏன் எடுத்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கணக்கியல் படிப்புக்கான வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.) முதல் பருவம் முடிவதற்குள் ஏழெட்டுப் பெரிய வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டேன். டிவி ரிமோட் அப்பா கையில் இருந்தால் சர்வாதிகாரம். அண்ணன் அரை மணி நேரம் குளித்தால் பொதுவளச் சுரண்டல். தொழிற்சாலை பஸ் ஓட்டிக் களைத்து வந்த அப்பா ஒரு நாள் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பி, "இந்தப் புள்ளைக்குக் காலேஜ்ல ஊசி கீசி ஏதாச்சும் போட்டாங்களா?" என்றார்.

இவ்வளவு அறிவிருந்தும் முதல் கட்டுரைக்கு எனக்குக் கிடைத்தது 'டி'. எங்கள் விரிவுரையாளர் புவான் (மலாயில் 'திருமதி') சுரயா, குரலை உயர்த்தாமலேயே ஆளைக் கூனிக் குறுக வைப்பவர். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "இதில் மூன்று புத்தகங்கள் பேசுகின்றன. நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் உண்மையிலேயே தாளைப் புரட்டி என்னைத் தேடினேன்.

அடுத்த கட்டுரைக்குப் பருவத்தின் நாற்பது விழுக்காடு மதிப்பெண். தலைப்பு இது: உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஓர் அமைப்பில் அதிகாரம் எப்படிப் பெறப்படுகிறது? மூவாயிரம் சொற்கள், ஆங்கிலத்தில். இதிலும் கோட்டை விட்டால் அந்தப் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாம் முறை கட்டணம் கட்ட அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

நல்ல வேளையாக, அந்த மாதம் பார்த்து எங்கள் சமையலறையிலேயே ஒரு தேர்தல் வந்து இறங்கியது.

அம்மா பாசிர் கூடாங்கில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடர். பெயர் கமலா. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, கோயிலின் மாதர் பிரிவுத் தலைவி மகனோடு இருக்க கெலாங் பாத்தாவுக்குக் குடிபெயர்ந்துவிட, அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தையல் கடை வைத்திருந்த பத்மா ஆண்டி. இன்னொருவர் அம்மா.

அம்மாவின் பிரசாரத்தில் பேச்சே கிடையாது. கறிபாப் மட்டும்தான்: உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த பலகாரம். மூன்று வாரம் சனி, ஞாயிறு மதியங்களில் அம்மா பிடித்துப் பொரித்துத் தள்ளினார். நான் டப்பாக்களை சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதை இரண்டாவது நாளே கவனித்துவிட்டேன். அரசியல் மாணவி அல்லவா!

"ஏம்மா பேபி ஆண்டி வீட்டுக்கு மட்டும் ஆறு?"

"அவங்க ஒரு வார்த்த சொன்னா அந்த லோரோங் வீடு பூரா கேக்கும்."

"பதினாலாம் நம்பருக்கு நாலு?"

"அவ ரெண்டு பக்கமும் பேசுவா. நாலு போதும்."

"இருபத்திரெண்டுக்கு ரெண்டே ரெண்டா?"

"லெட்சுமியா? பாவம், அவ வாயே தொறக்க மாட்டா. அவ சொல்லி யாரு கேக்கப் போறா? ரெண்டு வை, போதும்." பிறகு மாவை உருட்டிக்கொண்டே பொன்மொழி ஒன்றையும் உதிர்த்தார். "இங்க பாரு மாலினி, நம்ம பொம்பளைங்க எல்லாம் வயித்தாலதான் யோசிப்பாங்க."

'டி' வாங்கிய ஒரு மாணவியின் முன்னால் அரசியல் ஞானம் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தது. ஓடிப் போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தேன். அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினேன். "என்னத்த எழுதற?" என்று கேட்டதற்கு "அசைன்மெண்ட்மா" என்றேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை இருந்தது. அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கட்டுரையில் அம்மாவை 'மேடம் கே' என்று குறிப்பிட்டேன். உணவின் மூலம் வாக்காளர்களைக் கடன்பட வைக்கும் உத்தியை ஆறு பக்கம் அலசினேன். வயிற்றால் யோசிப்பது பற்றிய மேற்கோளைத் தனிப் பத்தியாகச் சாய்வெழுத்தில் போட்டேன். கடைசிப் பக்கத்தில் என் தலைசிறந்த படைப்பு: ஓர் அட்டவணை. முதல் கட்டத்தில் வீட்டு எண். இரண்டாவதில் கறிபாப் எண்ணிக்கை. மூன்றாவதில் அந்த வீட்டின் செல்வாக்கு: ஹை, மீடியம், லோ. ஆய்வு நெறிப்படி யாருடைய பெயரையும் எழுதவில்லை. (எங்கள் தாமானில் ஆளைப் பெயரால் தெரியாதவர்கள்கூட வீட்டு எண்ணால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அந்த ஆய்வாளருக்குத் தோன்றவே இல்லை.)

'ஏ' கிடைத்தது. கீழே புவான் சுரயா சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: "துணிச்சலான கட்டுரை. உன் அம்மா இதைப் படித்துவிட்டாரா?" இதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவின் மலாய் அருமையானது. ஆங்கிலம் மட்டும் தொழிற்சாலைக்கு வேண்டிய அளவுதான்: டார்கெட், ரிஜெக்ட், ஓவர்டைம். ஆனால் தலைப்பில் 'லீடர்' என்று இருந்தது. பக்கத்தில் வட்டம் போட்டு 'ஏ' இருந்தது.

"மாலினி, இந்த மேடம் கே யாரு? நானா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஆமாம்மா. உங்க தலைமைத்துவத்தப் பத்தி எழுதியிருக்கேன்."

அம்மா தாளை முந்தானையால் ஒரு முறை துடைத்து மேசையில் வைத்தார். மேசையில்தான் இருக்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் கூட்டம். நாற்பத்தொரு பெண்கள். தேர்தல் அதிகாரி தேவகி டீச்சர், இடைநிலைப்பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பத்மா ஆண்டி ஐந்து நிமிடம் பேசி உட்கார்ந்தார். அம்மா எழுந்தார். தன்னுடைய நல்ல சேலையைக் கட்டியிருந்தார்.

"எனக்குப் பேச வராது. என் மக காலேஜ்ல என்னைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி ஏ வாங்கியிருக்கா. அவளே வந்து தமிழ்ல சொல்லுவா."

சொல்லிவிட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு கத்தையை எடுத்தார். ஃபோட்டோஸ்டேட். அப்பா காலையிலேயே போய் எடுத்து வந்த இருபது பிரதிகள், மூலையில் பின் அடித்து. அவை வரிசை வரிசையாகக் கைமாறிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிரதி தேவகி டீச்சர் கைக்கும் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு பேனாவையும் எடுத்தார்.

மைக்கைப் பிடித்தேன். மொழிபெயர்ப்பு என்பது மறைக்க வேண்டியதை மறைக்கும் கலை என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.

"இந்தக் கட்டுரை... மேடம் கே அவர்களின் அன்பான, தாயுள்ளம் கொண்ட தலைமையைப் பற்றியது."

"தாயுள்ளமா?" டீச்சர் பேனாவை நிறுத்தினார். "இங்க 'கால்குலேட்டட்'னு இருக்கே மா. கணக்குப் போட்டுன்னுதானே அர்த்தம்?"

"ஆமா டீச்சர். அதாவது... கணக்கே பார்க்காத அன்பு."

"அதுக்கு நேரெதிர், கண்ணு."

இரண்டு பக்கங்களை ஒன்றாகப் புரட்டினேன். "அவங்க அக்கம் பக்கத்தாரோட உணவைப் பகிர்ந்துகொள்வாங்க. ஏன்னா வாக்காளர்கள் எல்லாரும் உணர்வுபூர்வமா சிந்திக்கிறவங்கன்னு அவங்க நம்பறாங்க."

டீச்சருக்கு யார் மீதும் வன்மம் கிடையாது. தப்பான விடையைத் தப்பென்று சொல்லாமல் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவே. "ஸ்டமக்-னா வயிறு. 'நம்ம பொம்பளைங்க வயித்தால யோசிப்பாங்க'ன்னு மேடம் கே சொன்னதா மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்கு. இலக்கணம் சரியா இருக்கு," என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடச் சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே! ஆங்கிலம் தெரியாதவர்கள் எல்லாரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார்கள்.

"அலமாக்! இது நம்ம வீட்டு நம்பரு லா!"

"எங்க வீட்டுக்கு நாலா? பேபிக்கு ஆறா? கமலா, என்ன இது?"

"மீடியம்னா என்ன? யாரு மீடியம்? நானா மீடியம்?"

லஞ்சம் கொடுத்ததைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எண்ணிக்கைதான் பிரச்சினை. பத்மா ஆண்டி தன் கதவு எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுகூடத் தரலையே," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் லெட்சுமி ஆண்டி எழுந்தார். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் வேலை செய்பவர். அவர் கூட்டத்தில் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"இருபத்திரெண்டு நம்பருக்கு ரெண்டு கறிபாப். பக்கத்துல 'லோ'ன்னு போட்டிருக்கு. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்," என்றார். குரலில் கோபமே இல்லை. "கறிபாப் நல்லாருந்துச்சு கமலாக்கா. நான் ரெண்டையும் சாப்பிடல. ஒண்ண மேல் வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். இன்னொருவர், "என் மகனுக்குத் தினமும் முட்டைய தனியா எடுத்து வைக்கிறவ அவ. அவளப் போயா 'லோ'ன்னு போடறது?" என்றார். அந்த மண்டபத்தில் தமிழ்ப்பள்ளியில் பிள்ளை படிக்காத வீடு அநேகமாக இல்லை. செல்வாக்கே இல்லாதவர் என்று நான் கட்டம் போட்டு எழுதியவர் ஆறே வாக்கியத்தில் தேர்தலை முடித்துவிட்டார்.

பத்மா ஆண்டிக்கு முப்பத்திரண்டு ஓட்டு. அம்மாவுக்கு ஒன்பது. பேபி ஆண்டி எந்தப் பக்கம் போட்டார் என்று இன்றுவரை தெரியாது. ஆறு கறிபாப் வீண்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அப்பா மட்டும் ஒரு முறை, "ஃபோட்டோஸ்டேட் தெளிவாத்தான் வந்திருக்கு," என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அம்மா சேலைகூட மாற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றபடி, "மன்னிச்சிருங்கம்மா. நான் எழுதியிருக்கக் கூடாது," என்றேன்.

"பொய்யா எழுதியிருந்தா சண்ட போட்டிருப்பேன். எல்லாம் நான் சொன்னதுதானே." முந்தானைப் பின்னைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதினதில்ல மாலினி. இருபது வருஷம் லைன்ல நிக்கறேன். மூவாயிரம் வார்த்தைன்னதும் ஏதோ நல்லதா இருக்கும்னு நெனச்சிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதேன். அம்மா எழுந்து வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அழுதது போதும், உருளைக்கிழங்கு உரி," என்றார்.

அன்று சாயங்காலமே இருவரும் இருபத்திரண்டாம் எண் வீட்டு வாசலில் நின்றோம். என் கையில் பெரிய டப்பா. லெட்சுமி ஆண்டி கதவைத் திறந்து மூடியைத் தூக்கிப் பார்த்து, விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னெண்டு. இப்ப நான் எந்த லெவல், கமலாக்கா?"

அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே அழுதார். உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. நான் வாசலில் கொசுக்கடி வாங்கினேன். எனக்கு அந்தத் தண்டனை போதாது என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை புவான் சுரயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "உன் அட்டவணை ஏன் தோற்றது என்று இன்னும் ஒரு பக்கம் எழுதிக் கொடு. அதற்குப் பிறகுதான் அந்த ஏ உனக்குச் சொந்தம்," என்றார். லெட்சுமி ஆண்டியிடம் கேட்டுக்கொண்டு பள்ளிக் கேண்டீனில் ஓர் இடைவேளை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எந்தப் பிள்ளை காசு கொண்டு வராத அன்று வரிசையில் நிற்காமல் தூணோரம் ஒதுங்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியில் நான் எழுதியதிலேயே உருப்படியானது அந்த ஒரு பக்கம்தான்.

பத்மா ஆண்டிக்கு முப்பது பேருக்கு மேல் சமைக்க வராது. முதல் திருவிழாவுக்கே அம்மாவைத் தேடி வந்து சமையல் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அம்மா போட்டியின்றித் தலைவியானார். முன்மொழிந்தவர் லெட்சுமி ஆண்டி. என் கல்யாணத்தில் மணமேடைக்கு வந்தவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் தம்பி 'லோ'," என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். என் கணவர் அதை அவருடைய பெயர் என்று நினைத்துப் பல மாதம் 'லோ ஆண்டி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு யார் வந்து அம்மா பலகாரம் வைத்தாலும், அப்பா பேப்பரைத் தாழ்த்தி, தட்டை எட்டிப் பார்த்து, மனதுக்குள் எண்ணி, "மீடியம்," என்று அறிவிப்பார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. அம்மா அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னும் இரண்டை எடுத்துத் தட்டில் வைப்பார்.