தம்பியின் டர்போ காரை எடைக்குப் போட அனுமதி கேட்டு

இயேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
வெள்ளிக்கிழமை.

பாரீசில் இருக்கும் அருமைத் தம்பி பிரகாசத்துக்கு, அக்கா சூசைமேரி எழுதிக்கொண்டது. உனக்கும் உன் வீட்டு மதாமுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகம் தரட்டும். இங்கே என் மூட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நலம். மற்றபடி இந்த வீட்டில் நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது உன்னுடையது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனாலும் துக்கத்தை முதலில் சொன்னால் நல்லது மறந்துபோகும் என்பதால் நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆஷ்லின் மஸ்கட் ஆஸ்பத்திரியில் இப்போது வார்டுக்கே தலைமை நர்ஸ். அவள் சொன்னால்தான் டாக்டரே கையுறை போடுகிறாராம், அவளே சொன்னாள். ஜோவிதா பிரெஞ்சுப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே என்று கேட்டேன், "அது உச்சரிப்புல போச்சு ஆயா" என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு உச்சரிப்பில் போகலாமா என்று நீயே அவளைக் கேள். ஜெர்ரி டிப்ளமா முடித்துத் திண்டிவனம் ரோட்டுக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷத்துக்குள் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே பதினாலு பேர், அதில் இரண்டு பேருக்கு நம் அப்பாவைவிடப் பெரிய மீசை. அஞ்சாம் வகுப்போடு பலகையைக் கீழே வைத்த எனக்கு இப்படி மூன்று பேரப்பிள்ளைகள். பெருமைப்படுவது பாவம் என்று ஃபாதர் சொல்கிறார், அதனால் மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு மறுபடி பெருமைப்படுகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். போன வாரம் நீ அங்கே இருமினாய், எதிர்வீட்டு துர்கா இங்கே வந்து சுக்கு தட்டிப் போடச் சொன்னாள். நான் இப்போது சொல்லப்போவது ஜெர்ரியின் காதில் விழக்கூடாது. அதனால்தான் அவன் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் டர்போ காரை எடைக்குப் போட்டுவிட வேண்டும். ஆர்.சி. உன் பேரில் இருப்பதால் நீ கையெழுத்துப் போடாமல் பழைய இரும்புக்காரர் அதைத் தொட மாட்டேன் என்கிறார்.

நீ அதிர்ச்சி அடைவாய் என்று தெரியும். போன தீபாவளிக்கு முந்தி நீயே போனில், "எடுத்து ஓட்டுடா பேராண்டி, சும்மா நின்னு துருப்புடிக்கிறதுக்கு" என்று வாய் நிறையச் சொன்னாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, ஆரம்பித்து வைத்தவள் நான்தான். மழையில் மொரட்டாண்டி பக்கம் பைக் சறுக்கி, முழங்கை முழுக்கத் தோல் உரிந்து வந்தான் பிள்ளை. மஞ்சள் பத்து போடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "சின்னத் தாத்தா காரு முருங்கை மரத்தடியில சும்மாதான நிக்குது, அதுல போனா என்னா" என்று கேட்டுவிட்டேன். பதினோரு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. பூனைகள் மூன்று தலைமுறையாக அதில்தான் பிரசவம் பார்த்தன. அவற்றை வெளியே அனுப்பவே ஒரு வாரம் ஆனது.

ஜெர்ரியோடு ஒன்றாகப் படித்த மதிவாணன் தட்டாஞ்சாவடியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வந்து பார்த்தான், பானெட்டைத் தூக்கினான், மறுபடி மூடினான். "ஆயா, இத எடுத்து தினம் ஓட்டணும்னா ஒண்ணு ஆசை இருக்கணும், இல்ல அறிவு இல்லாம இருக்கணும்" என்றான். "ரெண்டுமே இருக்குடா" என்றான் நம் சூப்பர்வைசர். மினி லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பின்கதவு பூட்டு விழாமல் திறந்து திறந்து ஆடியதால் யாராவது உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், வீட்டில் வேலையில்லாமல் இருந்தது நான்தான். ஒரு கையில் கதவு, ஒரு கையில் குடை, ஏனென்றால் கண்ணாடி ஏறவில்லை. "இன்னா மேரியம்மா, தேர் பவனியா? தேரு மட்டும் கொஞ்சம் பழசா கீது" என்று துர்கா தெருவே கேட்கும்படி சொன்னாள். அவள் அப்படித்தான், சுக்கும் தருவாள், சூடும் வைப்பாள்.

அதற்குப் பிறகு அஞ்சு மாதம் இது வீடாக இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இடம் போதாது என்று சீட்டு, டேஷ்போர்டு, பம்பர் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. நிர்மலா இட்லிக்கு ஊறப்போடுகிற அண்டாவில் ஒருநாள் ஏதோ ஒரு பித்தளைச் சாமான் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. மருமகள் என்பதால் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அண்டாவிடம் சொன்னாள். ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தபோது உட்கார வேறு இடமில்லாமல் காரின் பின்சீட்டில்தான் உட்கார வைத்தோம். ஜெபம் முடித்து எழுந்தார், பெல்ட் அவர் அங்கியில் மாட்டிக்கொண்டு சீட்டும் கூடவே எழுந்தது. நல்ல மனுஷர், "வண்டிக்கு என்னை விட மனசில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டர்போ என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமோ என்னவோ, வண்டிக்குப் பின்னால் எழுதியிருந்த அந்தப் பேரை நீ தடவித் தடவிக் காட்டுவாயே தவிர ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. மதிவாணன்தான் சொன்னான். வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றுமாம், அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றிக் காற்றை இன்ஜினுக்குள் திணிக்குமாம், நிமிஷத்துக்கு லட்சம் சுற்று. வீணாகப் போகிற மூச்சையும் வேலை வாங்குகிற வண்டி. நம் அம்மா மாதிரி. "இந்த விசிறிக்கு உயிரே எண்ணெய்தான் ஆயா. நல்ல எண்ணெய் போய்க்கிட்டே இருந்தா எமன் வந்தாலும் இத ஒண்ணும் புடுங்க முடியாது" என்றான். ஓட்டி வந்ததும் டப்பென்று அணைக்கக்கூடாது, இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டுச் சூடு இறங்கியபின் அணைக்க வேண்டும் என்றான். ஜெர்ரிக்குப் பொறுமை ஏது? அதனால் நான் ஒரு வழி சொன்னேன். வண்டி வாசலில் வந்து நின்றதும் ஜெபமாலையில் பத்து மணி உருட்டிப் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும், சொல்லி முடித்தால் அணைக்கலாம். மதிவாணனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இப்போது அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற டர்போ வண்டிக்காரர்களிடம், அவர்கள் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, "பத்து மணி உருட்டிட்டு ஆஃப் பண்ணுங்க" என்கிறான்.

இதுவரை எழுதியது சந்தோஷமான பகுதி. இனிமேல் எழுதுவதை நீ தனியாக இருக்கும்போது படி.

நீ ஜனவரியில் அனுப்பிய தாள்களை வைத்து ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது. போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் வண்டியை மந்திரித்து, அப்படியே பிள்ளைச்சாவடியில் நிர்மலாவின் அண்ணன் வீட்டு ஞானஸ்நான விருந்துக்குப் போவதென்று ஏற்பாடு. காலையில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஜெர்ரி குளிக்கப் போனான். நான் பக்கத்தில் நின்றேன். எண்ணெய்தான் உயிர் என்று மதிவாணன் சொன்னது மனசில் ஓடியது. ஆஷ்லின் லீவுக்கு வந்தபோது வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தேங்காய் எண்ணெய், என் மூட்டுக்குத் தடவுவது, பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. கடையில் விற்கிற எண்ணெயைவிட அது நல்ல எண்ணெய்தானே? கைக்கு எட்டிய மூடியைத் திறந்து, சிலுவை போட்டு, மொத்தத்தையும் ஊற்றி மூடிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

கோட்டக்குப்பம் தாண்டும்வரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. என் மகன் லூர்துபிரகாஷ்கூட, "பரவால்லியே" என்றான், அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாலு வருஷம் இருக்கும். ஜெர்ரி, "ஆயா, இப்ப டர்போ புடிக்கும் பாரு" என்று அழுத்தினான். பிடித்தது. எங்கள் எல்லோருடைய முதுகும் சீட்டில் ஒட்டியது. அப்புறம் ஒரு டமார். பின்னால் பார்த்தால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கறுப்புப் புகை. வண்டி கட்டை வண்டி மாதிரி ஊர்ந்து பிள்ளைச்சாவடி ரோட்டோரம் மீன் விற்கிறவர்கள் பக்கத்தில் போய் நின்றது. கூடைக்காரி கமலவேணி மூக்கை மூடிக்கொண்டு வந்து, "இன்னா ஆயா, காருக்குள்ள கருவாடு சுடுறீங்களா" என்றாள். எல்லோருக்கும் டீசல் புகை வாசனைதான் வந்தது. எனக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

மறுநாள், கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்க்க மதிவாணன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே ஜெர்ரியும் அவனும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"நீ மாட்டின டர்போதான்டா புட்டுக்கிச்சு."

"நான் மாட்டினது புட்டுக்காது. நீ இன்னா நோண்டின, அத சொல்லு."

"நான் ஏன்டா நோண்டப் போறேன்?"

"அப்ப உங்க ஆயாவா வந்து நோண்டுச்சு?"

என் கையிலிருந்த காப்பி டம்ளர் கீழே விழுந்தது. நல்லவேளை, இரண்டு பேரும் சண்டையைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மதிவாணன் பானெட்டைத் தொடாமலே திரும்பிப் போனான். ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள், அஞ்சு நாளாகப் பேச்சில்லை. இப்போது ஜெர்ரி என்ன சொல்கிறான் தெரியுமா? வில்லியனூர்ப் பக்கம் பெரிய ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், மாதக் கடைசியில் வந்ததும் வண்டியை அங்கே விட்டு இன்ஜினை முழுக்கப் பிரித்து, மதிவாணன் செய்த தப்பைப் போட்டோ எடுத்து நெல்லித்தோப்பில் எல்லோருக்கும் அனுப்பப் போகிறானாம். மதிவாணனிடம் வருகிற வண்டிகளில் பாதி ஜெர்ரி சொல்லி வருகிறவை. அந்தப் பிள்ளை கடை திறந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவன் பிழைப்பு என் மூட்டு எண்ணெயால் போகப் போகிறது.

நான்தான் என்று சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். நாலு தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கவலப்படாத ஆயா, எவன் பண்ணான்னு கண்டுபுடிக்காம உடமாட்டேன்" என்கிறான். அதோடு இன்னொன்று. மந்திரித்த எண்ணெயால் வண்டி கெட்டது என்று துர்காவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. எனக்குக் கெட்ட பேர் வந்தால் தாங்கிக்கொள்வேன், மாதாவுக்கு வரலாமா? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை, ஃபாதருக்கு அந்த வண்டியில் ஒரு பிரியம்.

அதனால் தம்பி, அந்த வண்டி யாரும் பிரித்துப் பார்க்காமல் போய்ச் சேர வேண்டும். எடைக்குப் போடச் சம்மதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அக்கா கேட்டாள் என்று எழுதாதே. நீயாக எடுத்த முடிவு என்று இருக்கட்டும். அம்மா கனவில் வந்து சொன்னார்கள் என்றுகூட எழுதலாம். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உயிரோடு இருந்தபோதே உனக்காக எத்தனை பொய் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்ரி மறுபடி பைக்கில் போவான், அதற்கு ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொல்லிக்கொள்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உன் வாசலில் பனி சறுக்காமலும், உன் வீட்டில் அடுப்பு அணையாமலும், உன் மதாம் உன்னைத் திட்டாமலும் இருக்கத் தேவதாய் காப்பாளாக.

உன் பாவப்பட்ட அக்கா,
சூசைமேரி

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. ஒட்டிய கவரை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே.

சனிக்கிழமை இதைத் தபாலில் போடப் போனேன், ஸ்டாம்பு வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் மதிவாணன் நிற்கிறான். சும்மா இருக்க முடியவில்லை. யாரோ ஒருத்தருக்கு நடந்த மாதிரி, "ஏன்டா, டர்போவுக்குள்ள தேங்காய் எண்ணெய் போனா இன்னா ஆவும்" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். வரிசையை விட்டு என்னை வெளியே கூட்டி வந்து, "எங்க ஊத்தின, வந்து காட்டு" என்றான். ஜெர்ரி கம்பெனியில் இருந்தான். பானெட்டைத் திறந்து காட்டினேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தான். "ஆயா, இது கண்ணாடி துடைக்கிற தண்ணி டப்பா. இன்ஜினுக்கு ஒரு சொட்டுகூடப் போவல." அப்புறம் எங்கேயோ கையை விட்டு, கழன்று தொங்கிய ரப்பர் குழாய் ஒன்றை வெளியே எடுத்தான். காற்று போகிற குழாயாம். அதன் கிளிப்பைச் சரியாக முறுக்கவில்லை, டர்போ பிடித்ததும் தெறித்துவிட்டது. அந்தக் கிளிப்பை மாட்டியது மதிவாணன் இல்லை. விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பளபளப்பாக இருக்கட்டும் என்று புதுக் கிளிப் வாங்கி வந்து தானே மாட்டியவன் நம் சூப்பர்வைசர்.

இரண்டு நிமிஷத்தில் முறுக்கினான். தண்ணி டப்பாவைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவியும் கொடுத்தான். எண்ணெய் விஷயத்தை ஜெர்ரியிடம் அவன் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. கிளிப் விஷயத்தை நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. ஜெர்ரி தட்டாஞ்சாவடிக்குப் போய்க் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தான். இப்போது இரண்டு பேரும் ஒரே டீயை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். நேற்றும் இன்றும் பிள்ளை காரில்தான் வேலைக்குப் போனான். நேற்றுச் சாயங்காலம் வாசலில் வந்து நின்றதும் ஜெபமாலையில் பத்து மணியும் ஒழுங்காகச் சொன்னான், ஏழாவதில் ஒரு வார்த்தையை விழுங்கினான், திரும்பச் சொல்ல வைத்தேன்.

ஆகையால் எடைக்குப் போடுகிற கையெழுத்து வேண்டாம். வண்டியை ஜெர்ரி பேருக்கு மாற்றுகிற கையெழுத்துதான் வேண்டும், தாள்களை இதிலேயே வைத்திருக்கிறேன். உன் போட்டோவும் ஒட்ட வேண்டுமாம். ஜனவரியில் நீ அனுப்பியது தொப்பியும் மீசையுமாக இருந்த பழைய படம், அதைப் பார்த்து மதிவாணன், "இது யாரு ஆயா, உன் மவனா" என்று கேட்டான். புதிதாக எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே, எல்லோரும் பார்த்தபின்தான் என் கைக்கு வரும். தபாலில் போடு. இரண்டாகப் போடு, ஆபீசுக்கு ஒன்று போதும்.