கொம்பை எடுத்துவிடும் கோஷ்டி

எடுத்துவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வேலியில் ஆடு மாட்டிக்கொண்டது என்று காதில் விழுந்தால் போதும், செருப்புகூடப் போடாமல் ஓடிவருவார்கள். அந்த வேலியைச் சரிசெய்யச் சொல்லிப் பாருங்கள், உடனே முதுகு பிடித்துக்கொள்ளும். இந்த இனத்தை நான் மிக நெருக்கத்தில் ஆராய்ந்திருக்கிறேன். தினமும் பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரிகிறது.

ஆடு வளர்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொம்புள்ள ஆட்டின் தலை போகும்போது ஓர் அளவு, திரும்பும்போது வேறு அளவு. இந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல் கிடந்தாலும் அந்தப் பக்கத்தில் வாடிக் கிடக்கும் ஒற்றை இலைதான் அதற்கு வேண்டும். கம்பிவலையின் கட்டத்துக்குள் மூக்கு போகும், நெற்றி போகும், பின்னால் சாய்ந்த கொம்பும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தின்று முடித்துத் தலையை இழுத்தால் கொம்பு கொக்கி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு "ம்மேஏஏ!" அந்தக் குரலைக் கேட்டும் உட்கார்ந்திருப்பவன் மனிதனா?

இதற்கு வைத்தியம் ரொம்பச் சுலபம். இரண்டு கொம்புக்கும் குறுக்காக ஒரு பைப் துண்டை வைத்து டேப் சுற்றிவிட்டால் தலை கட்டத்துக்குள் நுழையவே நுழையாது. நம் ஆள் செய்வாரா? ஆடுகள் என் அக்காவுடையவை. தினமும் மாட்டிக்கொள்வது அவற்றில் மகாராணி என்ற சினையாடு. பெரிய கட்டம் போட்ட அந்த வேலி, பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்று நான் தேர்ந்தெடுத்தது.

"பைப்பைக் கட்டுடா, எத்தனை தடவை சொல்றது?"

"அக்கா, மகாராணிக்கு அது அவமானம்க்கா. தலையில ஏணி வச்ச மாதிரி இருக்கும்."

"அவமானமாம்! வயித்துல குட்டி இருக்கு. தலை மாட்டி நிக்கும்போது அந்தக் கிடா வந்து வயித்துல முட்டினா என்னடா பண்ணுவே?"

"நான் இருக்கேன்ல!"

கவனித்தீர்களா? இந்த இனத்தின் தேசிய கீதமே இதுதான். நான் இருக்கேன்ல!

எடுத்துவிடுவதில் ஒரு சடங்கு உண்டு. முதலில் சட்டைக் கையை மடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஒரே ஆள்தான் நின்றாலும், "தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று கூட்டத்தை விலக்க வேண்டும். தலையைப் பின்னால் இழுக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கி, ஒரு கொம்பை ஓரமாகச் சாய்த்து வெளியே எடுத்து, பிறகு மற்றதை எடுக்க வேண்டும். கடைசியாக, பாவம் பயந்துபோயிருக்குமே என்று பையிலிருந்து ஒரு ரஸ்க்.

நான் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளரின் போன் வயிறு பிளந்து கிடக்கும், அக்காவின் அழைப்பு வரும், நான் எழுந்துவிடுவேன். "மறுபடியும் ஆடா?" என்பார் முதலாளி. ஆமாம் சார் என்று சொல்லும்போது, அடடா, என் குரலில் எவ்வளவு பெருமை!

போன வாரம் அழைப்பில் அக்கா பேசவில்லை, கத்தினாள். "கிடா முட்டுதுடா, ஓடி வா!"

ஓடினேன். மகாராணியின் தலை வேலிக்கு வெளியே. இந்தப் பக்கம், அவள் வயிற்றுக்கும் கிடாவுக்கும் நடுவே அக்கா நின்று, கிடாவின் இரண்டு கொம்பையும் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மடிக்க மறந்துபோனேன். எப்படியோ தலையை எடுத்துவிட்டேன். அக்கா கிடாவை இழுத்துப்போய்க் கட்டினாள். மகாராணியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே குட்டி உதைத்தது. இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

மகாராணி என் பையை மோந்து பார்த்தாள். காலி. வந்த வேகத்தில் ரஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நிதானமாக நடந்து போனாள். அதே கட்டத்தில் தலையை விட்டாள். "ம்மேஏஏ!"

அந்தப் பக்கம் இலை எதுவுமே இல்லை.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "டேய், எடுத்துவிட்டதும் அதுக்கு என்ன குடுப்பே?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ரஸ்க்."

"தினமுமா?"

"பயந்துபோயிருக்குமேன்னு..."

"அது எங்கடா மாட்டிக்கிச்சு? பெல் அடிச்சு உன்னைக் கூப்பிடுது!"

பைப்பை அன்றே கட்டினோம். அக்கா டேப் சுற்ற, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. மகாராணி நேற்று குட்டி போட்டாள், கறுப்பாக, நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு. பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைக்கு இப்போது அக்காவின் போன் வருவதில்லை. முதலாளிக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பொழுது போகவில்லை. குட்டியின் தலை கட்டத்துக்குள் லேசாகப் போய் லேசாகத் திரும்பிவிடுகிறது. கொம்பு இன்னும் முளைக்கவில்லை. நான் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் ஆபீஸ் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? வீட்டில் சாவி தொலைந்தால், மச்சான் வம்பில் மாட்டினால்? "நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் நடக்காது" என்று அலுத்துக்கொள்ளும்போது உள்ளே லேசாக இனிக்கிறதா? எதற்கும் ஒருமுறை சட்டைப் பையில் கைவிட்டுப் பாருங்கள். விரலில் ரஸ்க் தூள் ஒட்டும்.