சுவீடன் காக்கா

சுவீடன் நாட்டுக் கால்பந்துக் குழு ஒன்று தோற்றுப் போனதற்காக மட்டன் குழம்பை மூடி வைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்த ஒரே தமிழர், ஷார்ஜா ரோலாவில் எங்கள் அறையில்தான் இருந்தார். யாராவது நம்ப மறுத்தால், அந்தக் குழம்பைச் சாப்பிட்டவன் என்ற முறையில் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன்.

அவருக்குப் பெயர் சுவீடன் காக்கா. பறவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை விமான நிலையத்தைத் தவிர வேறெங்கும் யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை.

தொழிலில் அவர் ஏசி மெக்கானிக். கோடைக்காலம் முழுக்க அடுத்தவர்கள் வீட்டைக் குளிர வைப்பதற்காக மொட்டை மாடிகளில் நின்று வெந்துகொண்டிருப்பார். சாயங்காலம் அறைக்கு வந்து குளித்துவிட்டு, தண்ணீர் கேன் மேல் போனைச் சாய்த்து வைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். திரையில் சுவீடன் நாட்டு முதல் டிவிஷன் லீக் ஓடும்.

"ஏன் காக்கா, உலகத்துல இத்தனை லீக் இருக்கு. போயும் போயும் சுவீடனா?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"ஓய், ஜூன் ஜூலையில மத்த நாட்டுக்காரனெல்லாம் லீவுல போயிருதான். நமக்கு லீவு உண்டா? இல்ல. இவனும் வேகாத வெயில்ல டூட்டி பாக்கான். நம்ம ஜாதி."

"அவங்க ஊர்ல ஏது வெயில்?"

"அதுதான் ஓய் விசேஷம். ஏப்ரல்ல பாரும், மைதானத்து ஓரத்துல பனிக்கட்டியை அள்ளிக் குவிச்சு வச்சிருப்பான். மாடியில நின்னு கம்ப்ரஸர் கழட்டிட்டு வந்த மனுசன் வேற எதைப் பாக்கணுங்கீரு?"

போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்வார். எங்கள் அறை ஏசி அப்போது வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை ரிப்பேர் செய்ய அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

குழுவை அவர் தேர்ந்தெடுத்த விதமும் தனி. அந்த வருஷம்தான் கீழ் டிவிஷனிலிருந்து மேலே ஏறி வந்திருந்த ஒரு சின்ன ஊர்க் குழு. வெள்ளைச் சட்டை. முதல் சில ஆட்டங்களிலேயே பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "விசிட் விசாவுல வந்த பையன் மாதிரி முழிக்கான், பாவம். ஜெயிக்கிறவனுக்குக் கை தட்ட ஊரே இருக்கு. இவனுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லி அன்றைக்கே தத்து எடுத்துக்கொண்டார்.

ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் அவரே பெயர் வைத்தார். பள்ளிவாசல் கோபுரம் மாதிரி நெட்டையான தடுப்பாட்டக்காரன் 'மினாரா'. காரணமில்லாமல் மைதானம் பூராவும் ஓடிக்கொண்டிருந்தவன் 'டெலிவரி'. கோல்கீப்பருக்கு 'கஃபீல்' என்று பெயர். நம் விசாவுக்குப் பொறுப்பான முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம். "எல்லாம் அவன் கையிலதானே ஓய் இருக்கு!"

சுவீடன் மொழியில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் 'மோல்'. கோல் என்று அர்த்தமாம். மே மாதம் ஒரு சனிக்கிழமை டெலிவரி ஒரு கோல் போட்டுவிட, காக்கா கட்டில் மேல் ஏறி நின்று, "மோல்! மோல்!" என்று கட்டடம் அதிரக் கத்தினார். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை மலையாளி சேச்சி, கையில் ஒரு தட்டு நிறைய அல்வாவோடு நின்றார்.

"மோளாணோ?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. மலையாளத்தில் மோள் என்றால் பெண் குழந்தை. ஊரில் காக்காவின் மனைவிக்குப் பிரசவம் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

காக்கா அல்வாவை வாங்கிக்கொண்டு, "ஆமா சேச்சி, ஒண்ணு ஆச்சு. இன்னும் ஒண்ணு வேணும். அப்பத்தான் ஜெயிப்போம்" என்றார். சேச்சி போன வேகத்தை நான் மறக்கவில்லை.

எங்கள் அறையில் மூன்றாவது ஆள் குகன். யாழ்ப்பாணத்துப் பையன், ஒரு கார்கோ ஆபீஸில் ஸ்டோர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் அந்த ஆபீஸை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், நாட்கணக்கில் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஊரில் கல்யாணத்துக்கு நின்ற தங்கை, வைத்தியத்தில் இருந்த அப்பா எல்லோரும் அவன் ஒருத்தனை நம்பி இருந்தார்கள். வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான். நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லச் சொல்ல அவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

காக்கா ஆறுதலே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் கட்டிலைத் தட்டினார்.

"தம்பி, எழும்பு. மேட்ச் தொடங்கிருச்சு."

"எனக்கு மனம் சரியில்லை காக்கா. பந்து பாக்க ஏலாது."

"எனக்குக் கண்ணு சரியில்ல. நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏசி அடியில் ஒட்டியிருக்கும் எறும்பு சைஸ் எழுத்தைத் தூரத்திலிருந்தே படிக்கிற கண் அது. குகன் வேறு வழியில்லாமல் எழுந்து உட்கார்ந்தான்.

"பந்து இஞ்ச வருது. இப்ப அங்க போகுது."

"யாருகிட்ட போவுது?"

"ஆரோ ஒரு நெட்டையன்."

"மினாரான்னு சொல்லு. மரியாதையாச் சொல்லு."

அப்படித்தான் தொடங்கியது. செப்டம்பரில் குகன் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அக்டோபரில், "டேய் டெலிவரி, உனக்குக் கண் தெரியேல்லையே!" என்று அவன் போட்ட சத்தத்தில் நான் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டேன். காக்கா கண்ணை மூடியபடியே சிரித்தார்.

வேலை தேடுகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். ஏசி பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் வேலையை முடித்துவிட்டு மேனேஜர் முன்னால் போய் நிற்பாராம். "சார், ஏசியில கேஸ் கம்மியா இருந்துச்சு, போட்டுட்டேன். ஆபீஸ்ல ஆளும் கம்மியாத் தெரியுது. போடட்டுமா?" ஒரு மேனேஜர் கம்பெனிக்குப் புகார் செய்துவிட்டார். போர்மேன் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்தார். மறுநாள் காக்கா ஒரு பல் டாக்டரிடம் குகனைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் அவர் செய்த ஒரே தப்பு, "அவங்க லீக்ல நிக்கிற வரைக்கும் நீயும் இங்க நிப்பே, பயப்படாதே" என்று குகனிடம் சொன்னதுதான். அதன் பிறகு குகனுக்குத் தூக்கம் போனது. "எனக்கு என்ர பிரச்சினை மட்டும்தான் இருந்தது. இப்ப அந்தப் பதினொரு பேருடைய பிரச்சினையும் சேந்து போச்சு" என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னான்.

நவம்பர் வந்தது. சீசனின் கடைசி ஆட்டம், சனிக்கிழமை சாயங்காலம். டிரா செய்தால் போதும், குழு பிழைத்துக்கொள்ளும். தோற்றால் மறுபடி கீழ் டிவிஷன்தான். அன்று மத்தியானம் காக்காவின் போன் அடித்தது. தொழில்பேட்டையில் மீன், இறைச்சி பதப்படுத்தி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் மேனேஜர். சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பையனைக் கூட்டி வா என்றார். அதாவது, சரியாக ஆட்டம் நடக்கிற நேரம்.

"நீங்க மேட்சைப் பாருங்க காக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அங்க கான் சாப் ஹிந்தி தவிர ஒண்ணும் பேச மாட்டார். இவனுக்கு ஹிந்தி தெரியாது. உமக்குக் கேட்டாப் புரியும், வாயைத் திறந்தா ஜல்தி, அச்சா ரெண்டுதான் வரும். நீரு போய் என்ன கிழிப்பீரு?" என்றவர், என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "நீரும் கூட வாரும். போனை மட்டும் மடியில வச்சுப் பாத்துக்கிட்டிரும்" என்றார்.

கான் சாப் ஆறடிக்கு மேல் இருந்தார். மேஜைக்கு முன்னால் குகனும் காக்காவும் உட்கார்ந்தார்கள். நான் மூலையில் போனோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் காக்காவின் கண் என் முகத்துக்கு வந்து போனது.

"பையனுக்கு அனுபவம் எப்படி?" என்று கான் சாப் ஹிந்தியில் கேட்டார். அந்த நேரம் பார்த்து டெலிவரி கோல் போட்டான். என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். காக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "பஹுத் அச்சா! பஹுத் அச்சா!" என்று மேஜையைத் தட்டினார். கான் சாப் மிரண்டு போய், குகனை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

பிறகு எதிரணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கான் சாப் அப்போதுதான் சம்பளத்தைச் சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்த காக்கா, தலையில் கை வைத்துக்கொண்டார். "கம்மியா இருக்கா?" என்ற கான் சாப், யோசித்துக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். குகனுக்கு எதுவும் புரியவில்லை. பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இன்னும் டிராதான். இன்னும் உயிர் இருந்தது. கான் சாப் கடைசியாகக் கேட்டார்: "உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. நிறையப் பேர் வருகிறார்கள், ஒரு மாசத்தில் ஓடிப் போகிறார்கள். இவன் நிற்பானா?"

என் மடியில் பந்து கஃபீலின் கைக்கு அகப்படாமல் வலைக்குள் போனது. ஆட்டம் முடிய நேரமே இல்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை. காக்கா என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கான் சாப் பக்கம் திரும்பி, நிதானமாக ஹிந்தியில் சொன்னார்:

"சாப், இவன் தோக்குற பக்கத்துலயே என்கூட உக்காந்து பழகினவன். பாதியில எழும்பிப் போனதே இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். கான் சாப் அவரையும் குகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து, "கலாஸ், முடிந்தது. திங்கள்கிழமை டூட்டிக்கு வரச் சொல்" என்று குகனுக்குக் கை கொடுத்தார்.

வெளியே வேனுக்கு வந்ததும் குகன் கேட்டான். "கடைசியா என்ன சொன்னீங்கள் காக்கா? ஏன் அழுதனீங்கள்?"

"மைனஸ் பதினெட்டைத் தாங்குவான்னேன். நினைச்சாலே குளுருதில்ல, அதான் கண்ணுல தண்ணி வந்துட்டு."

"மேட்ச்?"

"ரெண்டாவது டிவிஷன்லயும் பந்து உருண்டைதான் தம்பி" என்று வண்டியை எடுத்தார். அன்றிரவு மட்டன் குழம்பை அவர் தொடவே இல்லை. தனக்கு வேலை கிடைத்ததற்கும் காக்காவின் பட்டினிக்கும் நடுவில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் குகனும் சாப்பிடவில்லை. எனக்கு அப்படிப்பட்ட குழப்பம் எதுவும் இருக்கவில்லை.

குகனின் தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த மார்ச்சில் கம்பெனி காக்காவை சவுதிக்கு, யான்புவில் ஒரு பெரிய காண்ட்ராக்ட்டுக்கு அனுப்பிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில், விமான நிலையத்துக்குப் போகும் முன் ஏணி போட்டு ஏறி எங்கள் ஏசியைக் கழற்றி மாட்டினார். இப்போது அது அறையை உறைய வைக்கிறது.

அவர் போன வாரமே வாட்ச்மேன் ஒரு புது ஆளைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார். "கட்டில் காலியா கிடக்கே, இவர் வந்து இருந்துக்கட்டுமா?"

நானும் குகனும் கலந்து பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே நேரத்தில்தான் சொன்னோம்:

"இல்லை, அதில் ஆள் இருக்கு."